மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்: ஒரே வரியை இருவர் திருத்தினால் யாருடையது முதலில் சேரும்?

அக்டோபர் பிறந்தால் கோவை, பொள்ளாச்சி, பாலக்காடு வட்டாரக் கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் திறமூல மென்பொருள் திட்டங்களுக்கு முதன்முதலாக நிரல் அனுப்பத் தொடங்குகிறார்கள். திறமூலத் திட்டங்களுக்குப் பங்களிப்பதை ஊக்குவிக்க அக்டோபர்தோறும் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் அதற்கு ஒரு தூண்டுதல். 2020-இல் அந்த நிகழ்வு குப்பைக் கோரிக்கைகளால் நிரம்பி வழிந்தது. அதே மாதத் தொடக்கத்திலேயே, சம்மதம் தெரிவித்த திட்டங்களில் மட்டும் பங்களிப்பு கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் உண்மையான அக்கறையோடு வருகிறவர்களும் ஓரிடத்தில் தடுமாறி நின்றுவிடுகிறார்கள். புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) அனுப்பி இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், 'இந்தக் கிளையில் முரண்பாடுகள் உள்ளன' என்ற வரி நிற்கிறது. சிலர் தம் நிரல் தவறு என்று நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். சிலர் கண்ணை மூடிக்கொண்டு 'என்னுடையதை வைத்துக்கொள்' என்று அழுத்தி, இன்னொருவர் உழைப்பை அழித்துவிடுகிறார்கள்.

அந்த வரி சொல்வது இவ்வளவுதான்: நீங்கள் திருத்திய இடத்தை, நீங்கள் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், இன்னொருவரும் திருத்தியிருக்கிறார், எது சரி என்று கணினியால் முடிவு செய்ய முடியவில்லை. இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, வரிகளை ஒட்டவைப்பது. மற்றொன்று, யார் முதலில், யார் பிறகு, பிறகு வருபவரின் கூடுதல் வேலையை யார் செய்வது என்று தீர்மானிப்பது. முதலாவதைப் பற்றிப் பாடங்கள் ஏராளம். திட்டங்கள் உடைவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு திட்டத்தைக் கற்பனை செய்துகொள்வோம். கோவை–வாளையார்–பாலக்காடு, பொள்ளாச்சி–கொழிஞ்சாம்பாறை–பாலக்காடு தடங்களில் ஓடும் இரு மாநிலப் பேருந்துகளின் நேரங்களையும் ஒரே இடத்தில் காட்டும் செயலி. நிறுத்தங்களின் பெயர் தமிழிலும் மலையாளத்திலும் வரும். தரவு ஜிடிஎஃப்எஸ் வடிவத்தில் இருக்கும். பொதுப் போக்குவரத்து நேரங்களுக்கு உலகெங்கும் புழங்கும் திறந்த வடிவம் அது. இரு மாநிலத்திலிருந்தும் ஆட்கள் திருத்துகிறார்கள். பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை.

அடிப்படை: கிட் எதை ஒப்பிடுகிறது

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதிய கிட்தான் இன்று ஏறக்குறைய எல்லாத் திட்டங்களுக்கும் பதிப்பு மேலாண்மைக் கருவி. மூன்று சொற்கள் தெரிந்தால் போதும்.

1. கமிட்: ஒரு கட்டத்தில் எல்லாக் கோப்புகளும் எப்படி இருந்தன என்ற பதிவு. முந்தைய கமிட் எது என்பதும் அதில் இருக்கும்.

2. கிளை: அப்படித் தொடர்ந்து செல்லும் கமிட்களின் நுனியைக் காட்டும் பெயர். முதன்மைக் கிளையிலிருந்து பிரிந்து உங்கள் வேலையைத் தனிக் கிளையில் செய்கிறீர்கள்.

3. பொது மூதாதை: இரு கிளைகளும் பிரிந்த இடத்தில் இருந்த கமிட்.

இரண்டு கிளைகளைச் சேர்க்கும்போது கிட் இரண்டை மட்டும் ஒப்பிடுவதில்லை; மூன்றை ஒப்பிடுகிறது. மூதாதையில் இருந்ததை ஒருவர் மட்டும் மாற்றியிருந்தால் அந்த மாற்றத்தை எடுத்துக்கொள்ளும். இருவரும் ஒரே மாதிரி மாற்றியிருந்தாலும் சிக்கல் இல்லை. இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால்தான் நிறுத்திவிட்டு உங்களைக் கேட்கும். ஒரே வரி என்று இல்லை. அடுத்தடுத்த வரிகளை ஆளுக்கொன்றாக மாற்றியிருந்தாலும் கேட்கும். ஒருவர் திருத்திய கோப்பை இன்னொருவர் நீக்கியிருந்தாலும், ஒரே பெயரில் இருவரும் புதுக் கோப்பு சேர்த்திருந்தாலும் கேட்கும். படம் போன்ற இருமக் கோப்புகளில் இருவர் கை வைத்தால் உள்ளே பார்த்து இணைக்க அதற்கு வழியே இல்லை.

ஒரு முரண்பாட்டை அருகில் வைத்துப் பார்ப்போம்

வழக்கமான அமைப்பில் கோப்புக்குள் இப்படித் தெரியும்:

<<<<<<< ஹெட்
வாளையார் சோதனைச்சாவடி, 06:40
=======
வாளையார், 06:45
>>>>>>> நேரத்-திருத்தம்

'ஹெட்' பக்கம் நீங்கள் நிற்கும் கிளை; கீழ்ப்பக்கம் உள்ளே வரும் கிளை. இதைப் பார்த்து எது சரி என்று சொல்லுங்கள். சொல்ல முடியாது. முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல், யார் எதை மாற்றினார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. மேலே உள்ளவர் பெயரையும் நேரத்தையும் சேர்த்து மாற்றினாரா, பெயரை மட்டும் மாற்றினாரா? புதிதாக வருகிறவர் பெரும்பாலும் தனக்குப் பரிச்சயமான வரியை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடுவது இந்த இடத்தில்தான்.

கிட்டின் அமைப்பில் மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்ஸ்டைல் என்பதை டிஃப்3 அல்லது இசட்-டிஃப்3 என்று வைத்தால் அதே முரண்பாடு இப்படி மாறும்:

<<<<<<< ஹெட்
வாளையார் சோதனைச்சாவடி, 06:40
||||||| மூதாதை
வாளையார், 06:40
=======
வாளையார், 06:45
>>>>>>> நேரத்-திருத்தம்

இப்போது தெளிவு. ஒருவர் பெயரை மட்டும் திருத்தினார், நேரத்தைத் தொடவில்லை. மற்றவர் நேரத்தை மட்டும் திருத்தினார். சரியான விடை இரண்டு பக்கத்திலுமே இல்லை: 'வாளையார் சோதனைச்சாவடி, 06:45'. இந்த ஒரு அமைப்பை மாற்றுவதைப் புதியவர்களுக்கான வழிகாட்டியின் முதல் வரியிலேயே போட வேண்டும் என்பேன். இசட்-டிஃப்3 கிட் 2.35-இல், 2022 ஜனவரியில் வந்தது. இரு பக்கமும் தொடக்கத்திலும் இறுதியிலும் ஒன்றாக உள்ள வரிகளை வெளியே தள்ளி, சண்டை நடக்கும் வரிகளை மட்டும் காட்டும். முரண்பாடு ஏற்கெனவே வந்துவிட்ட கோப்பிலும், கிட் செக்அவுட் கட்டளைக்கு கான்ஃப்ளிக்ட் என்ற விருப்பத்தைக் கொடுத்து மூதாதையோடு சேர்த்து மறுபடி எழுத வைக்கலாம். அதுவரை அந்தக் கோப்பில் கையால் செய்த திருத்தம் போய்விடும் என்பதால் இதை முதல் வேலையாகச் செய்துவிடுங்கள்.

'அவர்ஸ்', 'தெய்ர்ஸ்' இடம் மாறும் பொறி

மெர்ஜ் (இரு கிளைகளைச் சேர்ப்பது) செய்யும்போது அவர்ஸ் என்றால் நீங்கள் நிற்கும் கிளை. தெய்ர்ஸ் என்றால் உள்ளே வரும் கிளை. ரீபேஸ் செய்யும்போது இது தலைகீழ். ரீபேஸ் முதலில் முதன்மைக் கிளையின் நுனிக்குப் போய் நின்றுகொண்டு, உங்கள் கமிட்களை ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் வைக்கிறது. எனவே அப்போது அவர்ஸ் என்பது முதன்மைக் கிளை. உங்கள் சொந்த வேலைதான் தெய்ர்ஸ். மெர்ஜ் பழக்கத்தில் அவர்ஸ் கொடுத்தால் உங்கள் வேலை சத்தமில்லாமல் காணாமல் போகும். முழுக் கோப்புக்கும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும் இந்த விருப்பங்களைத் தானாக உருவாகும் கோப்புகளுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

தீர்க்கும் வரிசை

1. முதலில் எதிர்த்தரப்பின் புல் ரிக்வெஸ்ட் விளக்கத்தைப் படியுங்கள். வரிகளைப் பிறகு பார்க்கலாம். அவர் எதற்காக மாற்றினார் என்று தெரியாமல் எடுக்கும் முடிவு குருட்டாம்போக்குதான்.

2. கிட் ஸ்டேட்டஸ் கொடுத்து, எத்தனை கோப்பு, எந்த வகை முரண்பாடு என்று பாருங்கள். எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றால் அபார்ட் கொடுத்துப் பின்வாங்குங்கள். மெர்ஜுக்கும் ரீபேஸுக்கும் அந்த வழி உண்டு; தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும்.

3. நீண்ட நாள் பிரிந்திருந்த கிளையை ஒரே மூச்சில் சேர்க்காமல், முதன்மைக் கிளையின் இடைப்பட்ட கமிட்களைப் படிப்படியாகச் சேருங்கள். எந்த மாற்றம் மோதுகிறது என்று பெயர் சொல்லித் தெரியும்.

4. தீர்த்தபின் அடையாளக் குறிகள் எங்கும் மிச்சமில்லை என்று கிட் டிஃப் கட்டளையின் செக் விருப்பத்தால் சரிபாருங்கள். நிரல் கோப்பில் தப்பினால் கம்பைலர் கத்தும். நேர அட்டவணைக் கோப்பில் தப்பினால் 'ஹெட்' என்ற பெயரில் ஒரு நிறுத்தமே உருவாகிவிடும்.

5. சோதனைகளை ஓட்டுங்கள். பிறகு கமிட்.

6. எந்த முரண்பாட்டை எப்படித் தீர்த்தீர்கள் என்று புல் ரிக்வெஸ்ட்டில் இரண்டு வரி எழுதுங்கள். எதிர்த்தரப்பாளரின் பெயரைக் குறிப்பிட்டு, சரிதானா என்று கேளுங்கள்.

ஒரே முரண்பாடு திரும்பத் திரும்ப வந்தால் ரெரெரெ என்ற வசதியை இயக்கி வையுங்கள். ஒருமுறை தீர்த்த விதத்தை நினைவில் வைத்து, அதே மோதல் மறுபடி வரும்போது தானே போட்டுவிடும். முதலில் தவறாகத் தீர்த்திருந்தால் அந்தத் தவறையும் விசுவாசமாகப் போடும். அப்போது ரெரெரெ ஃபர்கெட் கொடுத்து அழிக்க வேண்டும்.

கிட் கண்ணில் படாத முரண்பாடு

இதுவரை சொன்னது எளிய பகுதி. கிட் பார்ப்பது எழுத்துகளை. பொருளை அதற்குத் தெரியாது. இரண்டு மாற்றங்கள் வெவ்வேறு கோப்பில் இருந்தால் ஒரு சலனமும் இல்லாமல் சேர்ந்துவிடும். சேர்ந்த பிறகு செயலி பொய் சொல்லும்.

ஜிடிஎஃப்எஸ்-இல் நள்ளிரவைத் தாண்டும் வண்டியின் நேரம் 24-க்கு மேல் எழுதப்படும். இரவு 11:50-க்குப் பாலக்காட்டில் கிளம்பி 1:20-க்குக் கோவை வரும் வண்டிக்கு 23:50:00, 25:20:00 என்று இருக்கும். இதை எண்ணாக்க ஒரு செயற்கூறு இருக்கிறது. விடையை நொடியில் தருகிறது. 25:20 என்றால் 91,200.

பொள்ளாச்சியிலிருந்து ஒருவர், நொடிக்கணக்கு இங்கே தேவையே இல்லை என்று அதை நிமிடமாக மாற்றுகிறார். இப்போது 25:20 என்றால் 1,520. செயற்கூறு அழைக்கப்படும் இடங்களையெல்லாம் திருத்திவிட்டார். சோதனைகள் தேறுகின்றன. அதே வாரம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர், 'அடுத்த அரைமணி நேரத்தில் வரும் வண்டிகள்' என்ற வசதியைப் புதிய கோப்பில் எழுதுகிறார். வித்தியாசம் 1,800-க்குள் இருந்தால் காட்டு என்பது அவர் விதி, ஏனென்றால் அவர் பிரிந்த நேரத்தில் விடை நொடியில் வந்துகொண்டிருந்தது. அவருடைய சோதனைகளும் தேறுகின்றன.

இரண்டும் சேர்கின்றன. முரண்பாடு என்று ஒரு வரிகூட வரவில்லை. ஆனால் 1,800 இப்போது நிமிடம். அதாவது முப்பது மணி நேரம். அன்றைக்கு மிச்சமிருக்கும் எல்லா வண்டியும் 'அரைமணி நேரத்தில்' வருவதாகத் திரையில் தெரியும். கடைசி வண்டிக்கு நிற்கிறவர்தான் இதன் விலையைக் கொடுப்பார்.

மூன்று தடுப்புகள் உண்டு.

1. பொருள் மாறினால் பெயரும் மாற வேண்டும். பொள்ளாச்சிக்காரர் அந்தச் செயற்கூற்றின் பெயரையே 'நிமிடமாக்கு' என்று மாற்றியிருந்தால், கொழிஞ்சாம்பாறைக்காரரின் அழைப்பு சேர்ந்த உடனேயே உடைந்திருக்கும். சத்தமாக உடைவது நன்மை. மூன்றில் இதுவே மலிவானது, செய்கிறவர்கள்தான் குறைவு.

2. எல்லைக்கு வெளியே உள்ளதையும் சோதிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் வரும் வண்டி தெரிகிறதா என்று மட்டும் சோதித்தால், சேர்ந்த பிறகும் அது தேறும். நாற்பது நிமிடத்தில் வரும் வண்டி தெரியக் கூடாது என்று ஒரு சோதனை இருந்தால்தான் மாட்டும்.

3. கிளையைத் தனியே சோதித்தால் போதாது; சேர்ந்த பிறகு உள்ள நிலையைச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவதற்காகப் பிறந்ததுதான் மெர்ஜ் வரிசை: கோரிக்கைகளை வரிசையில் நிறுத்தி, சேர்ந்த நிலையைச் சோதித்த பிறகே சேர்க்கும் ஏற்பாடு. ரஸ்ட் மொழியைத் தொடங்கிய கிரேடன் ஹோர் அதற்காக எழுதிய பார்ஸ் என்ற பாட் (தானாக இயங்கும் நிரல்), எல்லாச் சோதனையும் தேறிய நிலையைத் தவிர வேறெதையும் முதன்மைக் கிளையில் ஏற்காது. ஓபன்ஸ்டாக் திட்டத்தின் ஸூல் இன்னொரு படி போய், வரிசையில் மூன்று மாற்றங்கள் நின்றால் முதலாவதை மட்டும், முதல் இரண்டையும், மூன்றையும் சேர்த்து என்று ஒரே நேரத்தில் சோதிக்கிறது. இரண்டாவது தவறினால் அதைக் கழற்றிவிட்டு மூன்றாவதை மறுபடி சோதிக்கும். கிட் திட்டங்களை வைத்திருக்கும் இணையதளமான கிட்ஹப்பில் மெர்ஜ் வரிசை 2023-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

வரிசை வசதி இல்லாத சிறு திட்டங்கள், 'கிளை முதன்மையோடு ஒத்திசைந்திருந்தால்தான் சேர்ப்போம்' என்ற விதியைப் போடுகின்றன. விதி நல்லது, செலவையும் கணக்குப் போட வேண்டும். பத்து கோரிக்கைகள் காத்திருந்தால், ஒன்று சேர்ந்ததும் மீதி ஒன்பதையும் புதுப்பித்துச் சோதிக்க வேண்டும். அடுத்தது சேர்ந்ததும் எட்டு. ஒவ்வொரு முறையும் எல்லாரும் புதுப்பித்தால் கூடுதல் ஓட்டம் 45. ஒரு ஓட்டம் 12 நிமிடம் என்றால் ஒன்பது மணி நேரம். ஆகவே எல்லாரையும் புதுப்பிக்கச் சொல்லாமல், அடுத்து சேரப்போகிற ஒருவரை மட்டும் கேளுங்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தும் மோதும் வரிகள்

எல்லையோரத் திட்டங்களுக்கு என்றே ஒரு தொல்லை உண்டு. முரண்பாட்டின் இரு பக்கமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். கிட் மட்டும் வேறு வேறு என்று அடம்பிடிக்கும்.

கொழிஞ்சாம்பாறையின் முதல் எழுத்தைப் பாருங்கள். 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியீடாக, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறியீடாக. யூடிஎஃப்-8 வடிவில் முதல் விதத்துக்கு 'கொ' 6 பைட், இரண்டாவதற்கு 9 பைட். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒருவர் விசைப்பலகை ஒருவிதமாகவும் இன்னொருவருடையது வேறுவிதமாகவும் இட்டால், பெயரைத் தொட்ட ஒவ்வொரு முறையும் வரி மாறியதாகவே பதிவாகும். செயலியில் அந்த ஊரைத் தேடினால் கிடைக்காமல் போவதும் இதனால்தான். இவை இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே சொல்வதால், இரண்டையும் ஒரே வடிவமாக்கும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைக் கமிட்டுக்கு முன் தானாக ஓடும் சிறு நிரலில் (ஹூக்) வைத்தால் தீர்ந்தது.

மலையாளத்தில் கொஞ்சம் கடினம். வாளையார் என்ற பெயர் அங்கே சில்லெழுத்தில் (உயிர் சேராத மெய்யைக் காட்டும் தனி வடிவம்) முடிகிறது. முன்பு சில்லை அடிப்படை எழுத்து, சந்திரக்கலை (தமிழ்ப் புள்ளி போன்ற குறி), கண்ணுக்குத் தெரியாத இணைப்பி என்று மூன்று குறியீட்டால் எழுதினார்கள். 2008-இல் யூனிகோடு 5.1 சில்லுகளுக்குத் தனிக் குறியீடு கொடுத்தது. பழைய தரவுகளும் சில பழைய விசைப்பலகைகளும் இன்னும் மூன்று குறியீட்டு வடிவத்தையே தருகின்றன. இந்த இரண்டையும் யூனிகோடு சமம் என்று அறிவிக்கவில்லை. என்எஃப்சி இவற்றைத் தொடாது. சில்லு ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று விதியை நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும். தமிழில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக் கொம்போடு 'ள' எழுத்தைத் தட்டுவதும் இதே ரகம். அதையும் இயல்பாக்கம் பிடிக்காது, எழுத்துப் பிழைப் பட்டியல்தான் பிடிக்கும்.

வரி முடிவுக் குறியும் இப்படித்தான். விண்டோஸ் எடிட்டர் முழுக் கோப்பையும் தன் வழக்கப்படி சேமித்துவிட்டால் ஆயிரம் வரிக் கோப்பில் ஆயிரம் வரியும் மாறியதாகத் தெரியும். கிட்-ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் டெக்ஸ்ட் ஆட்டோ என்று தொடக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

காரணமில்லாமல் சண்டையிடும் கோப்புகள்

ஒரே கோப்பில் வாரந்தோறும் முரண்பாடு வந்தால் பங்களிப்பவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. கோப்பின் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

மாற்றப் பட்டியல்: எல்லாரும் ஒரே தலைப்பின் கீழ், அதே வரியில் தம் குறிப்பைச் சேர்ப்பார்கள், மோதாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆளுக்கொரு சிறு கோப்பாக எழுதவைத்து, வெளியீட்டின்போது ஒன்றாகத் தொகுப்பதே தீர்வு. கிட்லேப் இப்படித்தான் தனிக் கோப்புகளுக்கு மாறியது. பைத்தான் திட்டங்களில் டவுன்கிரையர் இதைச் செய்கிறது. யூனியன் மெர்ஜ் என்ற குறுக்குவழியும் உண்டு: இரு பக்க வரிகளையும் அப்படியே வைத்துக்கொள்ளும். பட்டியலுக்கு ஓரளவு சரி. வரிசை முக்கியமான நேர அட்டவணைக்கு அதை ஒருபோதும் வைக்காதீர்கள்.

பூட்டுக் கோப்புகள்: திட்டத்துக்குத் தேவையான பிற நிரல்களை நிறுவும் என்பிஎம் போன்ற கருவிகள் தாமே எழுதும் சார்புப் பட்டியலைக் கையால் ஒட்டவைக்கக் கூடாது. மூலப் பட்டியலின் முரண்பாட்டை மட்டும் தீர்த்துவிட்டு, கருவியை ஓட்டி மறுபடி உருவாக்குங்கள்.

தரவுத்தள மைக்ரேஷன் (தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும் கோப்பு): பைத்தானில் வலைச் செயலி எழுத உதவும் ஜாங்கோவில் இருவர் ஒரே மைக்ரேஷனுக்குப் பின் ஆளுக்கொன்று சேர்த்தால் கிட் ஒன்றும் சொல்லாது, ஜாங்கோ இரண்டு நுனி இருப்பதாகச் சொல்லி நிற்கும். மேக்மைக்ரேஷன்ஸ் கட்டளைக்கு மெர்ஜ் விருப்பம் கொடுத்தால் இணைக்கும் மைக்ரேஷன் ஒன்று உருவாகும். இருவரும் ஒரே புலத்தைத் தொடவில்லை என்று பார்த்துவிட்டே அதை ஏற்க வேண்டும்.

மொழிபெயர்ப்புக் கோப்புகள்: தமிழுக்கும் மலையாளத்துக்கும் தனித்தனி பிஓ கோப்பு (மூல வாசகமும் மொழிபெயர்ப்பும் சேர்ந்திருக்கும் கோப்பு) என்பதால் இரு மொழியினர் மோதுவதில்லை; இரு தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் மோதுவார்கள். அதுவும் பெரும்பாலும் மொழிபெயர்ப்பில் இல்லை, தலைப்பில் உள்ள உருவாக்கத் தேதியிலும், மூல நிரலின் வரி எண்ணைச் சொல்லும் குறிப்புகளிலும். வரி எண் குறிப்பை நிறுத்திவிட்டு, வார்ப்புருவைப் புதுப்பிக்கும் வேலையை ஒருவரிடம் மட்டும் விடுங்கள்.

முழு நிரலையும் ஒரே பாணிக்கு மாற்றும் ஃபார்மேட் கமிட்தான் இவற்றில் மிகப் பெரிய அழிவு. காத்திருக்கும் எல்லாக் கிளையும் ஒரே நாளில் மோதும். தேதியை முன்கூட்டியே அறிவித்து, சேர்க்கத்தக்கவற்றை முதலில் சேர்த்துவிட்டு, ஃபார்மேட்டைத் தனி கமிட்டாகப் போட வேண்டும். அதற்குப் பிறகும் தவிக்கும் கிளைக்கு வழி இருக்கிறது:

1. ஃபார்மேட்டுக்கு முந்தைய கமிட்டை உங்கள் கிளையில் மெர்ஜ் செய்யுங்கள்.

2. அதே பதிப்பு ஃபார்மேட்டரை, அதே அமைப்போடு, உங்கள் கிளையில் ஓட்டி கமிட் செய்யுங்கள்.

3. ஃபார்மேட் கமிட்டை மட்டும் அவர்ஸ் உத்தியில் மெர்ஜ் செய்யுங்கள். உங்கள் நிரல் மாறாது. ஃபார்மேட் ஏற்கப்பட்டதாக வரலாற்றில் மட்டும் பதிவாகும்.

4. அதற்குப் பிந்தைய முதன்மைக் கிளையை வழக்கம்போல் மெர்ஜ் செய்யுங்கள்.

யார் முதலில்?

முரண்படும் இரண்டு கோரிக்கைகளில் முதலில் சேர்ந்தவருக்கு வேலை முடிந்தது. பின்னால் நிற்பவர் எல்லாவற்றையும் மறுபடி பொருத்த வேண்டும். ஆகவே சேர்க்கும் வரிசையைத் தீர்மானிப்பது என்றால் உழைப்பை யார் தலையில் வைப்பது என்று தீர்மானிப்பதுதான். பராமரிப்பாளர் வாயைத் திறக்காவிட்டால், இணையத்தில் அதிக நேரம் இருப்பவர் எப்போதும் முந்துவார். தேர்வுக்குப் படித்துக்கொண்டு வார இறுதியில் எழுதும் மாணவர் எப்போதும் பிந்துவார். எழுதி வைத்த ஒழுங்கு இருந்தால் இந்த அநியாயம் குறையும். நான் சரியென்று கருதும் ஒழுங்கு இது:

1. பாதுகாப்புத் திருத்தமும், பயனரைத் தவறாக வழிநடத்தும் பிழையின் திருத்தமும் எப்போதும் முதலில்.

2. அடுத்து, சிறியது பெரியதற்கு முன். இருபது வரி மாற்றத்தின்மேல் இரண்டாயிரம் வரி மாற்றத்தைப் பொருத்துவது எளிது, மறுதிசை கடினம்.

3. இயந்திரத்தனமாக மறுபடி செய்யக்கூடியது கடைசியில். பெயர் மாற்றம், கோப்பு இடமாற்றம் போன்றவற்றை ஸ்கிரிப்ட்டால் மீண்டும் ஓட்டிவிடலாம். மனிதர் யோசித்து எழுதியதை அப்படிச் செய்ய முடியாது.

4. இரண்டும் சமம் என்றால், புதியவருடையது முதலில். அனுபவசாலி ரீபேஸ் செய்யட்டும். அவருக்கு அது பத்து நிமிட வேலை, புதியவருக்கு ஒரு மாலைப் பொழுது.

எது எதோடு மோதும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான் இந்த ஒழுங்கைப் பயன்படுத்த முடியும். கிட் 2.38 முதல் மெர்ஜ்-ட்ரீ கட்டளை, கோப்புகளைத் தொடாமலே இரண்டு கிளைகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லும். காத்திருக்கும் கோரிக்கைகளை இரண்டிரண்டாக இதில் போட்டு இரவுதோறும் ஒரு பட்டியல் எடுக்கலாம்.

லினக்ஸ் கெர்னலில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் பராமரிப்பாளர், தனி மரம் (அவர் பராமரிக்கும் நிரல் களஞ்சியம்). 2008-இல் ஸ்டீபன் ராத்வெல் தொடங்கிய லினக்ஸ்-நெக்ஸ்ட், அடுத்த வெளியீட்டுக்கான மரங்களையெல்லாம் வேலை நாட்களில் சேர்த்துப் பார்த்து, மோதல் இருந்தால் இரு தரப்புக்கும் தெரிவிக்கிறது. இரண்டு வார மெர்ஜ் சாளரம் திறக்கும்போது பெரும்பாலான மோதல்கள் ஏற்கெனவே பேசி முடிந்தவையாக இருக்கும். சாளரம் மூடியபின் திருத்தங்கள் மட்டுமே உள்ளே வரும்.

ஒரே தேவைக்கு இரண்டு தீர்வுகள்

இருவர் ஒரே வசதியை வேறு வேறு விதமாக எழுதி அனுப்பினால் மெர்ஜ் உத்தி எதுவும் உதவாது. ஒன்றைத்தான் ஏற்க முடியும். அந்தத் தீர்ப்பைச் சொல்லும் முறை திட்டத்துக்குத் திட்டம் மாறும். அப்பாச்சி திட்டங்களில் நிரல் மாற்றத்துக்கு எதிராக ஒருவர் மறுப்பு வாக்கு அளித்தால் அது நிற்கும், ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்ல வேண்டும். காரணமில்லாத மறுப்பு செல்லாது. பைத்தானில் பெப் 572 என்ற மாற்ற முன்மொழிவு மீதான கசப்பான விவாதத்துக்குப் பின், 2018 ஜூலையில் அம்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம் இறுதி முடிவெடுக்கும் பொறுப்பிலிருந்து விலகினார்; இப்போது ஐந்து பேர் வழிநடத்தும் குழு முடிவு செய்கிறது. தீர்ப்புக்கு வழியே இல்லாதபோது திட்டம் பிளக்கும்: 2014 டிசம்பரில் நோட்.ஜேஎஸ்-இலிருந்து ஐஓ.ஜேஎஸ் பிரிந்தது, 2015 செப்டம்பரில் நோட் 4.0 வெளியானபோது இரண்டும் மறுபடி ஒன்றாயின.

சிறு திட்டத்துக்கு இவ்வளவு ஏற்பாடு வேண்டாம். வேலை தொடங்கும் அன்றே வரைவு நிலையில் புல் ரிக்வெஸ்ட் திறக்கச் சொல்லுங்கள்; இரண்டு நாள் வேலை வீணாவதோடு போகும், இரண்டு மாத வேலை வீணாகாது. ஒரு பணியை எடுத்துக்கொண்டவர் இரண்டு வாரம் அசைவில்லை என்றால் அது தானாகப் பொதுவுக்குத் திரும்பும் என்று விதி வையுங்கள். மோதல் தெரிந்ததும் நேரடியாகப் பேசிவிடுவது நல்லது. 'நீங்களும் இதே கோப்பத் தொட்டிருக்கீங்க போல. உங்களுது சின்னதா இருக்கு, முதல்ல போகட்டும்ங்க. நான் நாளைக்கு ரீபேஸ் பண்ணிக்கறேன்' என்று ஒரு வரி போதும். பேச்சு தமிழில் நடக்கட்டும், மலையாளத்தில் நடக்கட்டும், இரண்டும் கலந்தே நடக்கட்டும். எடுத்த முடிவையும் காரணத்தையும் மட்டும் திட்டத்தின் பொது மொழியில் அந்தக் கோரிக்கையின் கீழ் எழுதிவிட வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் முடிந்த முடிவு, குழுவில் இல்லாதவருக்கு இல்லாத முடிவு.

ஏற்காத கோரிக்கையை மூடும்போது மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: எந்தத் தொழில்நுட்பக் காரணத்தால் மற்றது தேர்வானது, இதிலிருந்து எந்தப் பகுதி எடுத்துக்கொள்ளப்பட்டது, எந்த நிலை வந்தால் இதை மறுபடி திறக்கலாம். பகுதி எடுத்திருந்தால், அது ஒரு சோதனையாகவே இருந்தாலும், கமிட் செய்தியின் அடியில் கோ-ஆதர்டு-பை (இணைந்து எழுதியவர்) வரியில் அவர் பெயரைச் சேர்க்க வேண்டும். அந்த வரியில் போடும் மின்னஞ்சல், அவர் தம் கணக்கில் பதிந்து வைத்திருப்பதாக இருக்க வேண்டும். வேறொன்றைப் போட்டால் பங்களிப்பு அவர் கணக்கில் ஏறாது. சொந்த மின்னஞ்சலை வெளியிட விரும்பாதவர்களுக்கு கிட்ஹப் தரும் பதிலிலா முகவரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஸ்குவாஷ் செய்து (பல கமிட்களை ஒன்றாக்கி) சேர்க்கும்போது செய்தியைச் சுருக்குகிறேன் என்று இந்த வரியையும் சேர்த்து அழித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. பொத்தானை அழுத்துமுன் செய்திப் பெட்டியின் அடிவரை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.